டெல்லியில் போட்ட கரிமூட்டம்

நான் கரிமூட்டம் போடுகிறவன், விறகை அடுக்கி மண்ணால் மூடி வேகவைத்துக் கரியாக்குகிறவன். ஊர் முதுகுளத்தூர் பக்கம். படிப்பு ஐந்தாவது வரை. டெல்லி போய்விட்டு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். 2004, தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் கிளம்பினேன்.

கூப்பிட்டது மிஸ்ரா என்ற ஒருவர். டெல்லியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். பரமக்குடியில் கரி எடை போடும் கடைக்கு வந்து, யாருடைய கரி தட்டினால் கணீரென்று கேட்கும் என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர் என்னைக் காட்டிவிட்டார். டெல்லியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்களாம். அது அவர்களுக்குப் பாடமாம். ஒரு நிலத்தில் சீமைக் கருவை மண்டிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த ஊர் மரத்தை நட வேண்டும். எடுத்ததைக் கரியாக்கினால் செலவுக்கு ஈடாகும். அதற்குத்தான் ஆள்.

"கருவைய ஒழிக்கவா என்னையக் கூப்பிடுறாக?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கரியாக்கக் கூப்பிடுறாக."

"ஆக்குனதுக்கு அப்புறம்?"

"அப்புறம் என்னய்யா அப்புறம்? டிக்கெட் அவுகளே எடுக்குறாக. போயிட்டு வா."

எனக்குச் சோறு போட்டது அந்த மரந்தான். எதற்குப் போகிறேன் என்று முழுதாக விளங்காமல்தான் கிளம்பினேன்.

வியாழன், இரவு பத்து மணி. சென்னை சென்ட்ரலில் ரயில் புறப்பட்டது. டெல்லி இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்று எதிரே இருந்த பட்டாளத்துக்காரர் சொன்னார். வெள்ளிக்கிழமை முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஆந்திராவில் அங்கங்கே கருவை தெரிந்தது. நாக்பூர் பக்கம் காணவில்லை. டீ மூன்று ரூபாய். தண்ணீரில் பால் காட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பனி. ரயில் நின்று நின்று போனது. பனி விலகியதும் தண்டவாளத்தின் ஓரமெல்லாம் கருவை. அதே முள், அதே காய். ஊருக்கே திரும்பிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன். பட்டாளத்துக்காரரிடம் காட்டினேன்.

"இத இங்க விலாயதி கீக்கர்னு சொல்வாங்க" என்றார். சீமையிலிருந்து வந்தது என்று அர்த்தமாம். நாமும் சீமை என்றுதான் சொல்கிறோம். எல்லா ஊரிலும் அது வெளியூர் மரம்தான் போல.

ஏழரைக்கு வர வேண்டிய வண்டி பத்தரைக்குப் புது டெல்லி வந்தது. ஒரு பெண் பிள்ளை அட்டையில் என் பெயரை இங்கிலீஷில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றது. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. வேட்டியைப் பார்த்து அதுவே வந்துவிட்டது.

"முனியசாமி அங்கிள்தானே? நான் நித்யா. ஐயோ, ஸ்வெட்டர் கொண்டு வரலியா நீங்க?"

"இல்ல தாயி."

"மர் ஜாயேங்கே" என்று பக்கத்தில் நின்ற உயரமான பையன் சிரித்தான். அவன் பெயர் ரோகித். நித்யாவோடு படிக்கிறவன். செத்துப்போய்விடுவேன் என்று சொன்னானாம். நித்யா அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவன் கழுத்துத் துணியைப் பிடுங்கி எனக்குச் சுற்றிவிட்டது.

நித்யாவின் அப்பா கவர்மெண்ட் ஆபீசில் இருக்கிறார். வீடு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். பிறந்ததே டெல்லியில். தமிழ் பேசும், எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் சொல்வதை ஹிந்தியில் சொல்லவும், அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்லவும் இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

ஆட்டோவில் ஜங்புரா போனோம். அறுபது ரூபாய். அங்கே ஒரு சாக்கடை வாய்க்கால் ஓரமாக மதராசி கேம்ப். உள்ளே போனால் எல்லாரும் தமிழ். கோலம், முருகன் படம், ரசம் வாசனை. டெல்லி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அஞ்சலை என்பவரின் தம்பி வீட்டில் இடம் கொடுத்தார்கள். அஞ்சலை விழுப்புரம் பக்கம். நாற்பது வயது இருக்கும். கேம்ப்பிலிருந்து பத்துப் பெண்கள் இருபது நாளாக அந்த நிலத்தில் கருவை வெட்டிக் காயப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அஞ்சலைதான் முன்னால் நிற்கிற ஆள்.

தட்டில் சோற்றை வைத்துவிட்டு அஞ்சலை விஷயத்தைச் சொன்னது.

"அண்ணா, ஒரு மூட்டத்துக்குத்தான் பர்மிசன் குடுத்துகிறாங்க. இது நல்லா வந்துச்சின்னா மிச்ச நெலமும் எங்க பத்து பேருக்கு. ரெண்டு வருசத்துக்கு வேல. வரலன்னா ஜேசிபி வந்து ஒரே வாரத்துல வாரிக்கினு பூடும். நெலத்துக்கார ஆபீசரு அப்டித்தான் சொல்லிட்டாரு."

"இந்த வெட்டு வேலை போக வேற என்ன பாக்குற?"

"மூணு வூட்டுப் பாத்திரம்." உள்ளங்கையைக் காட்டியது. விரல் மடிப்பெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "பைப்புல வர்ற தண்ணில ஒரு வாட்டி கைய வச்சிப் பாருங்க, தெரியும்."

கை கழுவும்போது வைத்துப் பார்த்தேன். தெரிந்தது.

ஞாயிறு, காலை எட்டு மணி. நிலம் கேம்ப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர். பஸ்ஸில் போனோம். சுற்றிலும் மாடி வீடுகள், நடுவில் நம் முதுகுளத்தூர் கண்மாய்க்கரை மாதிரி ஒரு காடு. பெண்கள் நன்றாக வெட்டியிருந்தார்கள். தூரை விட்டு ஒரு சாண் உயரத்தில் வெட்டியிருந்தார்கள். நம் பக்கமும் அப்படித்தான். தூர் கிடந்தால் மூன்று வருஷத்தில் அடுத்த மூட்டத்துக்கு மரம். நல்ல வெட்டு என்று சொன்னேன்.

"இல்ல அங்கிள், தூரையும் தோண்டணும். ரூட்டோட போகணும்" என்றது நித்யா.

"வேரோட போயிட்டா அடுத்த மூட்டத்துக்கு?"

"அடுத்தது வரக் கூடாது. அதுதான் ப்ராஜெக்ட்."

அஞ்சலைக்கு இரண்டு வருஷ வேலை. மரம் தீர்ந்தால் வேலையும் தீரும். இதை நித்யாவிடம் சொன்னேன். "அதுக்கப்புறம் செடி நடற வேலை இருக்கு அங்கிள். நினைக்கிறேன்" என்றது. நினைக்கிறேன் என்றதும் எனக்கு மறுபடி குழப்பமாகிவிட்டது. மரத்தை அடுக்கப் போய்விட்டேன்.

திங்கள் முழுக்க அடுக்கினோம். சுமார் இரண்டு டன். தடித்தது நடுவில், மெல்லிசு ஓரத்தில். மேலே வைக்கோல் போட வேண்டும். டெல்லியில் வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த புல்லும் சருகும் போட்டோம். அதற்கு மேல் மண். டெல்லி மண் மாவு மாதிரி இருக்கிறது. காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் காற்று கண்டபடி உள்ளே போகும். காற்றுப் போனால் மூட்டம் போச்சு. நான் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை என் முகத்தைப் பார்த்துவிட்டு மூலையில் இருந்த ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப்போனது. மழைத் தண்ணீர் தேங்கிய இடம். உள்ளே களிமண்.

"இது ஆவுமாண்ணா?"

"இதுதான் வேணும்."

செவ்வாய், காலை ஒன்பது மணி. நெருப்பு வைத்தேன். பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். எல்லாரையும் உட்கார வைத்து, பார்க்க வேண்டியதைச் சொன்னேன். புகை வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது. மஞ்சள் கலந்தால் மரம் வேகிறது. மெல்லிசாக, நீலமாக வந்தால் கரியாகிவிட்டது. அந்த நிமிஷமே, அடியில் அளவாக விட்டிருக்கிற காற்றுத் துளை எல்லாவற்றையும் களியால் அடைக்க வேண்டும். விட்டால் கரியும் எரிந்து சாம்பல். இவ்வளவுதான் தொழில். நித்யா ஹிந்தியில் சொன்னது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும் எழுதவில்லை. எழுதத் தெரியாது. மூட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தது.

பிள்ளைகளிடம் நீளமான இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. தலையில் கடிகாரம் மாதிரி வட்டம். மூட்டத்துக்குள் குத்தினால் எவ்வளவு சூடு என்று காட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு இடத்தில் குத்தி எழுத வேண்டும் என்று அவர்கள் தாளில் கட்டம் போட்டிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது அவர்கள் படிப்பு. குத்தின இடத்தை ஈரக் களியால் மூடச் சொன்னேன். மூடினார்கள்.

புதன்கிழமை பக்கத்து மாடி வீட்டுக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து சத்தம் போட்டார். துணியெல்லாம் புகை நாற்றமாம். டெல்லியில் ஏற்கனவே மூச்சு விட முடியவில்லை, நீங்கள் வேறா என்றாராம். ரோகித் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான். அதிலிருந்து பிள்ளைகளுக்குப் புகையைப் பார்த்தாலே பயம். தாளில் புகைக்கும் ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதிகம், நடுத்தரம், குறைவு என்று எழுதினார்கள். நிறத்துக்குக் கட்டம் போடவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நெருப்பு வைத்ததிலிருந்து இரவும் பகலும் அந்த நிலத்து வாட்ச்மேன் கொட்டகையில்தான் இருந்தேன். குளிருக்கு மூட்டம் நல்ல துணை. காலையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வந்து அதன் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்துவிட்டுப் போனார்கள். சத்தம் போட்ட ஸ்கூட்டர்காரரும் வியாழக்கிழமை வந்து நின்றார்.

வெள்ளி, காலை பத்து மணி. மிஸ்ரா காரோடு வந்தார். லோதி ரோடில் ஒரு கூட்டம். பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்களாம். நான் போய் மூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

"மூட்டத்த விட்டுட்டு வரக் கூடாது தாயி" என்று நித்யாவிடம் சொன்னேன்.

அவர்கள் பேசிக்கொண்டார்கள். "ரெண்டு மணி நேரம்தான் அங்கிள். ரோகித் இருக்கான், சார்ட் இருக்கு. நீங்க வரலைன்னா சாருக்குக் கஷ்டமாயிடும். ப்ளீஸ்."

மூட்டத்தைச் சுற்றி வந்தேன். புகை மஞ்சளாகத்தான் இருந்தது. என் கணக்குப்படி நாளைக் காலையில்தான் அடைக்க வேண்டி வரும். டிக்கெட் எடுத்துக் கொடுத்த மனுஷன் கார் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். ஏறிவிட்டேன். முப்பது வருஷத்தில் எரிகிற மூட்டத்தை விட்டுவிட்டு நான் போனது அன்று ஒரு நாள்தான்.

கூட்டத்தில் இருட்டாக்கிப் படம் காட்டினார்கள். படத்தில் என் மூட்டம் வந்தது. நான் வந்தேன். பிறகு என்னை மேடையில் ஏற்றினார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டதை நித்யா தமிழில் சொன்னது.

"எத்தனை டிகிரி வந்தா மூடுவீங்கன்னு கேக்கறாங்க."

"தெரியாது."

"அப்போ எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருந்து புகையப் பாப்பேன்."

நித்யா சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று கேட்டேன். உங்க ஆன்சர் ரொம்பப் பிடிச்சிருக்கு என்றது. பக்கத்தில் இருந்து பார்ப்பேன் என்று சொல்கிறவன் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி மேடையில் நிற்கிறான். அதற்குக் கைத்தட்டல்.

அடுத்து ஒருவர் எழுந்து, இந்த மரம் நல்லதா கெட்டதா என்று கேட்டார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது நித்யாவின் செல்போன் அதிர்ந்தது. மெதுவாகப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு என் காதில் சொன்னது.

"அங்கிள், குட் நியூஸ். புகையே கம்மியாயிடுச்சாம். ரோகித் ரொம்ப குஷியா இருக்கான்."

"என்ன நிறம்?"

"என்ன?"

"புகை என்ன நிறம்னு கேளு தாயி."

கேட்டது. அதன் முகம் மாறிவிட்டது. பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ப்ளூன்னு சொல்றான்."

அடைக்கச் சொல் என்பதற்குள் லைன் அறுந்துவிட்டது, திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை. மேடையை விட்டு இறங்கிவிட்டேன். சாப்பாடு ஏற்பாடாகியிருக்கிறது என்று மிஸ்ரா பின்னால் வந்தார். நித்யா அவரிடம் ஏதோ கத்திவிட்டு ஆட்டோவை நிறுத்தியது. "ஜல்தி சலோ பையா, ஜல்தி!" ஆட்டோக்காரர் ஜல்தியாகத்தான் போனார். வழியில் ஏதோ ஊர்வலம். இருபத்தைந்து நிமிஷம் அசையாமல் நின்றோம். நித்யா அழுதது. "நான்தான் உங்களை இழுத்துண்டு வந்தேன்" என்றது. கதவைத் திறந்ததும் ஏறியது நான்தானே.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மூட்டத்தின் கிழக்குப் பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. அதன் மேல் ஈரச் சாக்கும் களியும் கும்பலாகக் கிடந்தன. துளை எல்லாம் அடைத்திருந்தது. அஞ்சலை கீழே உட்கார்ந்திருந்தது. முழங்கை வரை களி. ஒரு பக்கப் புருவம் பொசுங்கியிருந்தது. கேம்ப் பெண்கள் நாலு பேர் கூடையோடு நின்றார்கள். சூட்டுக் கம்பி ஒடிந்து கிடந்தது. ரோகித் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஞ்சலை பாத்திரம் தேய்த்துவிட்டு ஒரு மணிக்கு வந்திருக்கிறது. கிழக்கே புகை நீலமாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டது. காலையில் அந்தப் பக்கம் கம்பி குத்தின ஓட்டைகளைப் பையன்கள் காய்ந்த மண்ணால் தட்டிவிட்டிருந்தார்கள். காற்று உள்ளே போய் அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் வெந்துவிட்டது. புகை குறைந்ததும் இனி மாடி வீட்டுக்காரர் வரமாட்டார் என்று பையன்களுக்குச் சந்தோஷம்.

"அடைங்கடான்னு கத்தறேன்ணா. அங்கிள் வரட்டும், ரீடிங் பாக்கி இருக்குது, கைய வைக்காதன்றான். இன்னாடா ரீடிங்கு, எரியறது எங்க வேலடான்னு தள்ளி வுட்டுட்டேன். அதுல அந்தக் கம்பி பூட்ச்சி." பிறகு என்னைப் பார்த்தது. "நீங்க எங்கண்ணா போனீங்க?"

களியை எடுத்து மேற்கே ஒரு வெடிப்பை அடைத்தேன். அங்கே ஏற்கனவே அடைத்திருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆற விட்டோம். ரோகித் தினமும் அஞ்சலைக்கு டீ வாங்கி வந்தான். முதல் நாள் அது வாங்கவில்லை. இரண்டாம் நாள் வாங்கியது.

திங்கள், காலை பதினொரு மணி. நிலத்துக்கார ஆபீசர் வந்தார். அவர் முன்னால் பிரித்தோம். மேற்குப் பாதி நல்ல கரி. எடுத்துத் தட்டினால் கணீரென்றது. கிழக்குப் பாதி சாம்பல். பதினாலு சாக்கு வர வேண்டியது. ஏழு வந்தது. பெண்கள் பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஆபீசர் காலால் சாம்பலைக் கிளறினார்.

நித்யா தாளோடு முன்னால் வந்து ஹிந்தியில் படித்தது. என்ன படிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ரோகித் தலையைக் குனிந்துகொண்டான். மிஸ்ரா வேறு பக்கம் பார்த்தார். அஞ்சலைதான் என்னிடம் மெதுவாகச் சொன்னது. "காரணம்ன்ற எடத்துல உண்மையப் போட்டுக்குதுண்ணா அந்தப் பொண்ணு. வேல தெரிஞ்ச ஆள நாங்க கூட்டத்துக்குக் கூட்டிக்கினு பூட்டோம், நிறத்த எழுதலன்னு."

ஆபீசர் ஒடிந்த கம்பியை வாங்கிப் பார்த்தார். இன்னொரு மூட்டம் போட விடுகிறேன், ஆனால் இந்த ஆள் இருந்து போட வேண்டும் என்று என்னைக் காட்டினார். எனக்கு அன்றிரவு ரயில். ஊரில் என் மூட்டத்துக்கு மரம் வெட்டிக் கிடக்கிறது.

"நான் எதுக்கு? அஞ்சலை போடும்" என்றேன்.

மிஸ்ரா என்னவோ சொன்னார். "அவங்களுக்கு அனுபவம் இல்லைன்னு சொல்றார்" என்றது நித்யா.

"கரியா கெடக்குற பாதி அஞ்சலையோடது. சாம்பலாக் கெடக்குறது நம்ம பாதி. இத அப்படியே சொல்லு தாயி."

நித்யா சொன்னது. ஆபீசர் அந்த ஏழு சாக்கையும் பார்த்தார். "அச்சா" என்றார். அந்த ஊரில் அதற்குச் சரி என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தமாம். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ரயிலில் திரும்பும்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டு வந்தேன். மரம் நல்லதா, கெட்டதா? ஊரில் அது கிணற்றை வற்ற அடித்தது. எங்கள் அடுப்பையும் எரிய வைத்தது. டெல்லியில் அதை ஒழிக்கிற வேலைதான் அஞ்சலையைக் குளிர்த் தண்ணீரிலிருந்து எடுக்கப் போகிறது. ஒழித்து முடித்த அன்றைக்கு அந்தக் கை எங்கே போகும் என்று பிள்ளைகளின் தாளில் கட்டம் இருந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டரும் யோசித்தேன்.

ஊருக்கு வந்து இருபது நாள் இருக்கும். பரமக்குடி எடைக்கடைக்குப் போயிருந்தேன். காலை பதினொரு மணிக்கு, டெல்லியிலிருந்து உனக்குப் போன் என்று கடைக்காரர் கூப்பிட்டார். அஞ்சலை.

"அண்ணா, மூட்டம் நீலமாச்சி. அடைச்சிட்டேன்."

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும். ரோகித்துதான் மொதல்ல பாத்தான். அக்கா ப்ளூ, அக்கா ப்ளூன்னு ஓடியாறான். இப்பத் தாள்ல அதுக்கு ஒரு கட்டம் போட்டுகிறாங்க."

"சரி."

"அப்புறம், நேத்து மிஸ்ரா சாரு காரு எடுத்துக்கினு வந்தாரு. ஏதோ மீட்டிங்காம், நான் வந்து பேசணுமாம். மூட்டத்தப் பிரிச்சப்புறம் வாங்க, வரேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? காத்தால வந்தவரு, மூட்டத்துல குளிர் காஞ்சிட்டுப் பூட்டாரு."